சுமை மண்ணைச் சேரும் வழி: சட்டகக் கட்டடங்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு

கட்டடத்தின் எந்த மூலையில் ஒரு கிலோ எடையை வைத்தாலும், அது ஏதோவொரு வழியாக மண்ணைச் சென்றடைந்தே ஆக வேண்டும். அந்த வழி எங்கும் அறுபடாமல் இருக்கிறதா, வழியிலுள்ள ஒவ்வோர் உறுப்பும் தன்மேல் வருவதை அடுத்த உறுப்புக்குக் கைமாற்றும் ஆற்றலுடன் இருக்கிறதா என்று பார்ப்பதே கட்டமைப்புப் பொறியியலின் அடிப்படை வேலை. சூத்திரங்களையும் மென்பொருளையும் பிறகு கற்றுக்கொள்ளலாம். ஒரு வரைபடத்தைக் கையில் எடுத்துச் சுமையைப் பின்தொடரும் பழக்கம் முதலில் வர வேண்டும். அது வராதவர், மென்பொருள் தரும் விடை பத்து மடங்கு பிழையாக இருந்தாலும் கண்டுபிடிக்க மாட்டார்.

அந்தப் பழக்கத்துக்குத் தாள், பென்சில், சாதாரணக் கால்குலேட்டர் ஆகியவை போதும். எடுத்துக்காட்டாக ஒரு சிறிய கட்டடத்தை இங்கே வைத்துக்கொள்வோம். தரைத்தளத்தின் மேல் இரண்டு மாடிகள், ஆகவே மொத்தம் மூன்று கான்கிரீட் தளங்கள். ஒரு திசையில் 5 மீட்டர், மறு திசையில் 4 மீட்டர் இடைவெளியில், நான்கு வரிசைகளில் வரிசைக்கு நான்காக 16 தூண்கள். வெளி அளவு 15 மீட்டருக்கு 12 மீட்டர். ஒவ்வொரு நிலையின் உயரமும் 3 மீட்டர். இங்கு வரும் எண்கள் கற்பதற்கானவை. எவரும் இவற்றை வைத்துக் கட்டடம் எழுப்பிவிடக் கூடாது.

சட்டகத்தை அடையாளம் காணுதல்

சுவரே சுமையைத் தாங்கும் கட்டடம் ஒரு வகை. தூண்களும் உத்திரங்களும் சேர்ந்த சட்டகம் சுமையைத் தாங்க, சுவர் வெறும் மறைப்பாக நிற்கும் கட்டடம் மற்றொரு வகை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிகாகோ நகரத்துக் கட்டடங்கள் இரண்டு தெளிவாகக் காட்டுகின்றன. அங்கே 1885இல் முடிந்த ஹோம் இன்சூரன்ஸ் கட்டடத்தில் வில்லியம் லெ பேரன் ஜென்னி என்ற பொறியாளர் உலோகச் சட்டகத்தைப் பயன்படுத்திப் பத்து மாடிகளை எழுப்பினார். 1891இல் முடிந்த மொனாட்நாக் கட்டடத்தின் பழைய பகுதியோ செங்கல் சுவரைச் சுமைதாங்கியாகக் கொண்டு 16 மாடிகள் உயர்ந்தது. அதன் அடிச்சுவரின் தடிமன் ஏறக்குறைய 1.8 மீட்டர். உயரம் கூடக்கூடச் சுவரே இடத்தை விழுங்கிவிடும் என்பதால், பின்வந்த உயர்ந்த கட்டடங்கள் பெரும்பாலும் சட்டகத்தின் வழியையே பின்பற்றின.

வரைபடத்தில் முதலில் தூண்களை மட்டும் கறுப்புச் சதுரங்களாகக் குறியுங்கள். பிறகு தூணையும் தூணையும் இணைக்கும் உத்திரங்களை, அதாவது களத்தில் எல்லோரும் பீம் என்று சொல்வதை, கோடுகளாக வரையுங்கள். கோடுகளுக்கிடையே கிடைக்கும் கட்டங்களே தளங்கள். சுவர்களை இப்போதைக்கு வரையவே வேண்டாம். ஏதேனும் ஒரு தூண் மேல்மாடியில் தென்பட்டு, அதற்கு நேர் கீழே தரைத்தளத்தில் காணாமற்போனால் அந்த இடத்தைச் சிவப்பால் வட்டமிட்டுவிடுங்கள். அங்கே ஓர் உத்திரம் மேலிருக்கும் தூண் முழுவதையும் சுமக்கிறது என்று பொருள். அத்தகைய இடங்களில்தான் வேலை அதிகம்.

சுமைகளைப் பட்டியலிடுதல்

கட்டடத்தின் சொந்த எடை நிலைச்சுமை. மனிதர்கள், மேசை, நாற்காலி, புத்தகங்கள் போன்று வந்துபோவன மாறும் சுமை. நிலைச்சுமையைத் துல்லியமாகவே கணக்கிடலாம். கம்பியுடன் கூடிய கான்கிரீட் ஒரு கன மீட்டருக்கு 2,500 கிலோ. எஃகு 7,850 கிலோ. செங்கல் கட்டுமானம் ஏறக்குறைய 2,000 கிலோ. 150 மில்லிமீட்டர் தடிமனுள்ள தளம் ஒரு சதுர மீட்டருக்கு 375 கிலோ எடை கொண்டது. தரை ஓடு, அதன் அடியிலுள்ள கலவை, கீழ்ப்பூச்சு ஆகியவற்றுக்கு 125 கிலோ சேர்த்துக்கொள்வோம். குடியிருப்புக்கு மாறும் சுமையாகப் பல நாட்டு விதிகளும் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவிலேயே எடுக்கின்றன; புத்தகக் கிடங்குக்கும் கூட்டம் கூடும் அரங்குக்கும் இதைவிட மிகுதி. மூன்றையும் கூட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு 700 கிலோ.

இதில் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. மனிதர்களும் பொருள்களும் தரும் சுமை 200 கிலோதான்; மீதி 500 கிலோ கட்டடம் தன்னைத் தானே சுமப்பதற்கானது. ஆகவே தளத்தின் தடிமனைத் தேவையில்லாமல் கூட்டினால் உறுதி கூடிவிட்டதாக மகிழ்வதற்கில்லை. கூடிய எடையை உத்திரமும் தூணும் அடித்தளமும் ஆயுள் முழுவதும் சுமக்க வேண்டும். மொட்டைமாடியில் வைக்கும் தண்ணீர்த் தொட்டியையும் பலர் மறந்துவிடுகிறார்கள். 10,000 லிட்டர் தண்ணீர் என்பது 10 டன்.

பொறியாளர்கள் சுமையைக் கிலோநியூட்டனில் எழுதுவார்கள். ஒரு டன் எடை ஏறக்குறைய 10 கிலோநியூட்டன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு தூணைத் தேர்ந்தெடுத்து மேலிருந்து கீழே வருதல்

நம் கட்டடத்தின் உட்புறத் தூண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றியுள்ள தூண்களுக்குச் செல்லும் தூரத்தில் பாதிப் பாதி இந்தத் தூணுக்கு உரியது. ஆகவே 5 மீட்டருக்கு 4 மீட்டர், அதாவது 20 சதுர மீட்டர் பரப்பின் சுமை இதன்மேல் இறங்குகிறது. ஓரத்துத் தூணுக்கு இதில் பாதி. மூலைத் தூணுக்குக் கால்பங்கு, அதாவது 5 சதுர மீட்டர் மட்டுமே. எல்லாத் தூண்களும் ஒரே அளவில் வரையப்பட்டிருந்தால், ஏன் என்று கேட்கும் துணிவு இந்த எளிய கணக்கிலிருந்தே பிறக்கும்.

இந்தச் சுமை தளத்திலிருந்து தூணுக்கு நேரடியாகத் தாவிவிடுவதில்லை; உத்திரத்தின் வழியாகத்தான் வருகிறது. தளத்தின் நீளம் அகலத்தைப் போல் இரு மடங்குக்குக் குறைவாக இருந்தால், தளம் நான்கு பக்க உத்திரங்களுக்கும் சுமையைப் பகிர்ந்து தரும். தளத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் 45 பாகையில் கோடுகள் வரைந்தால் இந்தப் பங்கீடு கண்ணுக்குத் தெரியும்: 4 மீட்டர் உத்திரத்துக்கு 4 சதுர மீட்டர் முக்கோணமும், 5 மீட்டர் உத்திரத்துக்கு 6 சதுர மீட்டர் சரிவகமும் கிடைக்கும். இரண்டு முக்கோணங்களையும் இரண்டு சரிவகங்களையும் கூட்டினால் 20 வருகிறதா என்று சரிபாருங்கள். வராவிட்டால் எங்கோ கொஞ்சம் சுமை தொலைந்திருக்கிறது.

இனி எடையைக் கூட்டுவோம். தளத்திலிருந்து வருவது 20 சதுர மீட்டருக்கு 700 கிலோ வீதம் 14 டன். 230 மில்லிமீட்டர் அகலமும் 450 மில்லிமீட்டர் ஆழமும் உள்ள உத்திரத்தில் தளத்துக்குக் கீழே தொங்கும் பகுதி 300 மில்லிமீட்டர். தூணுக்கு உரிய உத்திர நீளம் 9 மீட்டர். அதன் எடை ஏறக்குறைய 1.6 டன். அந்த உத்திரங்களின் மேல் அரைச்செங்கல் சுவர் நின்றால், 2.5 மீட்டர் உயரத்துக்கு மேலும் 5.2 டன். 300 மில்லிமீட்டர் சதுரத் தூணின் சொந்த எடை ஒரு நிலைக்கு 0.7 டன். ஆக, சுவருள்ள ஒரு நிலைக்கு 21.5 டன், சுவரில்லாத மொட்டைமாடிக்கு 16.3 டன். இரண்டு நிலைகளும் மொட்டைமாடியும் சேர்ந்து தூணின் அடியில் ஏறக்குறைய 60 டன் இறங்குகிறது.

இந்த 60 டன்னை 300 மில்லிமீட்டர் சதுரத்தின் பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 6.5 நியூட்டன் கிடைக்கும். 25 நியூட்டன் அமுக்கவலிமையுள்ள கான்கிரீட்டுக்கு, பாதுகாப்புக் காரணிகளைச் சேர்த்த பின்னும் இது தாங்கக்கூடியதே. ஆனால் மண் கான்கிரீட் அல்ல. மண் ஆய்வில் ஒரு சதுர மீட்டருக்கு 20 டன் பாதுகாப்பான தாங்குதிறன் கிடைத்ததாகக் கொண்டால், அடித்தளத்தின் சொந்த எடையையும் சேர்த்து 3.3 சதுர மீட்டர் பரப்பு தேவை, ஏறக்குறைய 1.8 மீட்டருக்கும் சற்று மேற்பட்ட சதுரம். தூணின் அடியில் ஏறக்குறைய ஒரு சதுர அடிப் பரப்பில் குவிந்திருந்த சுமையை மண் தாங்கும் அளவுக்கு விரித்துக் கொடுப்பதே அடித்தளத்தின் முதன்மை வேலை.

உத்திரம் வளையும் விதம்

ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை இரண்டு புத்தகங்களுக்கிடையே படுக்கவைத்து நடுவில் அழுத்துங்கள், எளிதாக வளையும். அதையே விளிம்பின்மேல் நிறுத்தி அழுத்தினால் வளைய மறுக்கும். பொருளும் அதுதான், எடையும் அதுதான். மாறியது ஆழம் மட்டுமே. செவ்வக உத்திரத்தின் ஆழத்தை இரு மடங்காக்கினால் அதன் வலிமை நான்கு மடங்காகிறது. வளையாமல் நிற்கும் விறைப்பு எட்டு மடங்காகிறது. அகலத்தை இரு மடங்காக்கினால் இரண்டுமே இரு மடங்காவதோடு சரி.

தூண்களுக்கிடையேயுள்ள தூரம் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சீரான சுமையுள்ள உத்திரத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால், அதன் நடுவில் தோன்றும் வளைவுத் திருப்புமை, அதாவது உத்திரத்தை வளைக்க முயலும் திருப்பு விளைவு, நான்கு மடங்காகும். நடுப்பகுதி கீழிறங்கும் அளவோ பதினாறு மடங்காகும். நடுவிலுள்ள ஒரு தூணை எடுத்துவிட்டுக் கூடத்தைப் பெரிதாக்கலாமா என்று கேட்பவருக்கு இந்த ஒரு வரியே பதில்.

வளையும் உத்திரத்தின் மேற்பகுதி சுருங்குகிறது, கீழ்ப்பகுதி நீள்கிறது. கான்கிரீட்டின் இழுவலிமை அதன் அமுக்கவலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவே என்பதால், நீளும் பக்கத்தில் அது விரிசல் விட்டுவிடும். அங்கே இழுவிசையை ஏற்கத்தான் எஃகுக் கம்பி. நடுப்பகுதியில் கம்பி கீழே. ஆனால் உத்திரம் தூணைத் தாண்டித் தொடர்ந்து செல்லும் இடத்தில் வளைவு தலைகீழாகிறது. அங்கே கம்பி மேலே. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனித் தளத்தில் முதன்மைக் கம்பி முழுவதும் மேற்புறத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது வேலையாட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிவிட்டால், கம்பியின் எண்ணிக்கை சரியாகவே இருந்தும் பால்கனிக்குப் பயன் இல்லை. சென்டரிங் மேல் கம்பி கட்டி முடித்ததும் பொறியாளர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

உத்திரம் வளைவதோடு, ஒரு பகுதியை அடுத்த பகுதியிலிருந்து கத்தரிபோல் நறுக்கித் தள்ள முயலும் வெட்டுவிசைக்கும் ஆட்படுகிறது. அது தூணை ஒட்டிய இடத்தில் மிகுதி. விரிசல் சாய்வாக ஓடும். களத்தில் ரிங் எனப்படும் வளையக் கம்பிகள் தூணருகே நெருக்கமாகவும் நடுவில் விலகியும் கட்டப்படுவதன் காரணம் இது.

தூணின் தனிக் குணம்

தூண் நசுங்கி உடைவது ஒரு வகை. பக்கவாட்டில் நெளிந்து முறிவது இன்னொரு வகை. ஒல்லியான தூணுக்கு இரண்டாவதே அச்சம். லியோன்ஹார்டு ஆய்லர் 18ஆம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி, நெளியத் தொடங்கும் சுமை தூணின் நீளத்தின் இருபடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது: நீளம் இரு மடங்கானால் தாங்கும் சுமை கால்பங்கு. இரண்டு மாடி உயரத்துக்கு இடையில் உத்திரமே இல்லாமல் எழும் தூண்கள் அழகாகத்தான் இருக்கும்; அவற்றின் குறுக்களவை மட்டும் மற்றத் தூண்களைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது.

பக்கவாட்டிலிருந்து தள்ளும் விசை

இதுவரை பார்த்த சுமைகள் எல்லாம் கீழ்நோக்கியவை. காற்றும் நிலநடுக்கமும் பக்கவாட்டில் தாக்குகின்றன; கட்டமைப்பின் உண்மையான சோதனை இங்கேதான்.

நான்கு குச்சிகளை மூலைகளில் குண்டூசியால் கோத்து ஒரு சதுரம் செய்து பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் சாய்ந்துவிடும். அதைச் சாயாமல் நிறுத்த மூன்று வழிகள் உண்டு. மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் குச்சி வைத்துச் சதுரத்தை முக்கோணங்களாக்கலாம். சதுரத்தின் உள்ளே ஓர் அட்டையை ஒட்டிவிடலாம். அல்லது மூலைகளையே திரும்ப முடியாதபடி இறுக்கமாக்கலாம். கட்டடத்தில் இவை முறையே குறுக்குத்தாங்கிச் சட்டகம், ஷியர் வால் எனப்படும் கான்கிரீட் சுவர், விறைப்பான மூட்டுகள் கொண்ட சட்டகம் ஆகின்றன. 1969இல் சிகாகோவில் முடிந்த 100 மாடி ஜான் ஹான்காக் சென்டரின் வெளிமுகத்தில் தெரியும் மாபெரும் பெருக்கல் குறிகள், பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் காற்றுக்கு எதிராக வைத்த குறுக்குத்தாங்கிகளே. சிறிய கான்கிரீட் கட்டடங்களில் மூன்றாம் வழியே மிகுதி. அதனால் மூட்டின் தரமே அவற்றின் உயிர்.

நம் கட்டடத்துக்குத் திரும்புவோம். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 96 கிலோ அழுத்தத்தைத் தருகிறது. வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. 15 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் உள்ள முகத்தில் இது ஏறக்குறைய 13 டன் தள்ளுவிசை. நிலநடுக்கத்தின் கணக்கு வேறு. அங்கே விசை வெளியிலிருந்து வருவதில்லை. நிலம் நகரும்போது கட்டடத்தின் நிறை பின்தங்குவதால் உள்ளேயே பிறக்கிறது. மொத்த எடையை ஏறக்குறைய 540 டன் என்று வைத்து, அதில் பத்தில் ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கொண்டால் 54 டன். கனமான கட்டடத்துக்கு நிலநடுக்கமும், இலேசான தகரக் கூரைக்குக் காற்றும் பகை என்பது இதிலிருந்து விளங்கும். இலேசான கூரையைக் காற்று கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே மிகுதி. ஆகவே அங்கே கூரையிலிருந்து அடித்தளம் வரை இழுவிசைக்கும் தொடர் பிணைப்பு வேண்டும்.

அந்த 54 டன்னைக் கான்கிரீட் தளம் ஒரு தட்டையான பலகையாக நின்று 16 தூண்களுக்கும் பங்கிடுகிறது. சமமாகப் பிரித்தால் தரைத்தளத்தில் தூணுக்கு ஏறக்குறைய 3.4 டன். 3 மீட்டர் தூணின் நடுப்புள்ளியில் வளைவு திசைமாறுவதாகக் கொண்டால், அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஏறக்குறைய 5 டன்-மீட்டர் வளைவுத் திருப்புமை தோன்றும். செங்குத்துச் சுமைக்குப் போதுமாக இருந்த தூண் இப்போது வளையவும் வேண்டியிருக்கிறது. வளைவு உச்சத்தில் இருப்பது தூணும் உத்திரமும் சந்திக்கும் மூட்டை ஒட்டி. கம்பி நெரிசலால் கான்கிரீட் சரியாக இறங்காமல் பொள்ளல் விழுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

மூட்டுகளைச் சரிபார்த்தல்

தூணின் இரு முனைகளிலும் வளையக் கம்பிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். வளையத்தின் நுனிக் கொக்கி 135 பாகைக்கு வளைந்து தூணின் உட்பகுதிக்குள் புகுந்திருக்க வேண்டும். 90 பாகையில் விடப்பட்ட கொக்கி, வெளிப்புறக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் விரிந்துவிடும். வளையம் விரிந்தால் செங்குத்துக் கம்பிகள் வெளியே பிதுங்கும். அதற்குப்பின் தூணுக்குள் கான்கிரீட்டைப் பிடித்துவைக்க எதுவும் இல்லை. கொக்கியை முழுதாக வளைக்கக் கம்பி கட்டுபவருக்கு ஒரு கணம் கூடுதலாகும், அவ்வளவுதான். அதோடு, தூண் உத்திரத்தைவிட வலிமையாக இருக்குமாறு வடிவமைப்பதும் விதி: உத்திரம் முதலில் வளைந்து சேதமடைந்தால் ஒரு தளம் தொங்கும், தூண் முதலில் உடைந்தால் மேலுள்ள அனைத்தும் இறங்கும்.

மூட்டில் செய்யும் சிறு மாற்றம் சுமையின் வழியை எப்படிப் புரட்டிவிடும் என்பதற்கு, 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜன்சி விடுதியின் நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்த நிகழ்வு சான்று. மேலும் கீழுமாக இருந்த இரண்டு நடைபாலங்களையும் கூரையிலிருந்து வரும் ஒரே கம்பியில் தொங்கவிடுவது முதல் வடிவமைப்பு. கட்டும்போது அது இரண்டு தனிக் கம்பிகளாக மாற்றப்பட்டது: மேல்பாலம் கூரையில் தொங்க, கீழ்ப்பாலம் மேல்பாலத்தில் தொங்கியது. இதனால் மேல்பாலத்தின் உத்திரத்தைத் தாங்கிய நட்டின்மேல் ஒரு பாலத்தின் சுமைக்குப் பதிலாக இரண்டு பாலங்களின் சுமை வந்து சேர்ந்தது. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஏற்பாடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். பென்சிலால் சுமையைப் பின்தொடர்ந்தால்தான் வேறுபாடு புலப்படும்.

ஒழுங்கின்மைகளைத் தேடுதல்

வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் திறந்துவிட்டு, மேல்மாடிகளில் செங்கல் சுவர்களை அடைத்திருக்கும் கட்டடத்தைப் பாருங்கள். சுவர் வெறும் மறைப்பு என்று முன்பு சொன்னதற்கு இங்கே ஒரு திருத்தம் தேவை. கணக்கில் சேர்க்காவிட்டாலும் சுவர் சட்டகத்தை விறைப்பாக்கத்தான் செய்கிறது. ஆகவே மேலே முழுவதும் விறைப்பு, கீழே மட்டும் தளர்வு. நிலநடுக்கத்தில் அசைவு முழுவதும் தரைத்தளத் தூண்களில் குவிகிறது. 1971இல் கலிஃபோர்னியாவின் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில், புதிதாகக் கட்டிய ஆலிவ் வியூ மருத்துவமனைக் கட்டடத்தின் தளர்வான கீழ்நிலை பெருமளவு சாய்ந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று.

சன்னலுக்காகச் சுவரைத் தூணின் பாதி உயரத்தோடு நிறுத்துவதும் இதுபோன்றதே. அசையக்கூடிய நீளம் பாதியானதால் தூணின் விறைப்பு எட்டு மடங்காகிறது; விறைப்பானது எதுவோ அதுவே விசையை ஈர்க்கும். பக்கத்துத் தூண்கள் நலமாக நிற்க, இந்தக் குட்டைத் தூண் மட்டும் வெட்டுவிசையால் பெருக்கல் குறி போல் விரிசல் விட்டு உடையும். கான்கிரீட் சுவர், மாடிப்படி, மின்தூக்கிக் கூண்டு ஆகிய எல்லாவற்றையும் கட்டடத்தின் ஒரே மூலையில் குவித்தால், நிறையின் மையமும் விறைப்பின் மையமும் விலகிக் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். அப்போது மிகுதியாக அசைவது எதிர் மூலைத் தூண்கள்.

நிற்கும் கட்டடத்தில் மாற்றம் செய்யுமுன்

மேலே இன்னொரு மாடி எழுப்ப நினைத்தால், நம் உட்புறத் தூணின் அடியில் 60 டன்னாக இருந்தது 80 டன்னைத் தாண்டும். தூண் ஒருவேளை தாங்கலாம், 3.3 சதுர மீட்டர் அடித்தளத்தின் கீழிருக்கும் மண்ணின் மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 26 டன்னுக்கு மேல் ஏறிவிடும். அதோடு பக்கவாட்டு விசையும் கூடும், அது செயல்படும் உயரமும் கூடும். குழாய்க்காக உத்திரத்தில் துளையிட வேண்டியிருந்தால், தூணை ஒட்டிய பகுதியையும், கம்பி ஓடும் மேல், கீழ் விளிம்புகளையும் தொடக் கூடாது. கான்கிரீட் போடுமுன்பே துளைக்கான உறையை வைத்துவிடுவதே முறை, அதற்கும் வடிவமைத்த பொறியாளரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். சுவரை இடிக்குமுன் அது சட்டகத்தின் இடையே அடைத்த சுவரா, தளத்தையே தாங்கும் சுவரா என்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். வரைபடம் கிடைக்காத பழைய கட்டடமானால், பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அதைச் சுமைதாங்கும் சுவராகவே கருத வேண்டும்.